எந்தக் கரையில் கோடு

ரூஷ்பாக், ஸார்
7 ஆகஸ்ட் 1955

சேசுவுக்குத் தோத்திரம்.

அன்புள்ள ஒடீலியா அக்காவுக்குத் தங்கச்சி லோனி எழுதுவது. இங்கே நானும் ஆடும் கோழிகளும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்துக்கு மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

நீ மாடிப்படியில் சறுக்கி விழுந்தாய் என்று தோணிக்காரர் பாஸ்டியான் சொன்னார். நீயாக வாய் திறந்து சொல்லமாட்டாய் என்று எனக்குத் தெரியும். இடுப்பு எப்படி இருக்கிறது? எழுந்து நடக்கிறாயா? காலையில் உன் புகைக்கூண்டில் புகை வருகிறதா என்று தினமும் ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பால் கறக்கிறேன். புதன்கிழமை புகை வர நேரமாகிவிட்டது. எனக்கு உயிரே இல்லை.

மாட்ஸ் அத்தான் போய் இரண்டு வருஷம் ஆகிறது. உன் பையன் எமில் ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கிறான். தனியாக அந்த வீட்டில் என்ன செய்கிறாய்? இங்கே அம்மா வீட்டு மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. குடியிருந்த டீச்சரம்மா கல்யாணமாகிப் போய்விட்டாள். வந்துவிடு அக்கா. பெட்டியைத் தோணியில் ஏற்றிவிட்டால் பாஸ்டியான் வாசல்வரை கொண்டுவந்து தருவார். நமக்கு நடுவே இப்போது சுங்கம் கிடையாது, சோதனை கிடையாது. ஆறு மட்டும்தான்.

ஊரில் ஓட்டுப் பேச்சுத்தான். அக்டோபர் 23 ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஸார் நாட்டை ஐரோப்பாவுக்குப் பொது நிலமாக வைத்துக்கொள்ளலாமா, ஆமா இல்லையா என்று கேட்கிறார்கள். 'இல்லை' ஜெயித்தால் ஜெர்மனியோடு சேர்ந்துவிடுவோம் என்று பேச்சு. சுவரெல்லாம் காகிதம் ஒட்டி அசிங்கம் பண்ணிவைத்திருக்கிறார்கள். அதை நினைத்து நீ தயங்காதே. இரண்டு கிழவிகளுக்கு ஓட்டு என்ன, ஒட்டுக்காகிதம் என்ன.

பதில் போடு. கால் பார்த்து வை.

உன் தங்கச்சி
லோனி


வெல்லரிங், பிரான்ஸ்
15 ஆகஸ்ட் 1955, மாதா திருநாள்

லோனிக்கு,

என் இடுப்பு என் இடத்தில் இருக்கிறது. உன் கோழிகள் நலமாக இருக்கட்டும்.

புதன்கிழமை புகை வராததற்குக் காரணம், விறகு நனைந்திருந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. பாஸ்டியானுக்குத் துடுப்பைவிட வாய் நீளம்.

வரச் சொல்கிறாய். இருபது வருஷமாக உன் கரையில் நான் கால் வைக்கவில்லை. ஏன் என்று உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முப்பத்தைந்தாம் வருஷம் ஜனவரி மாசம். அப்போதும் ஓட்டு. அப்போதும் சுவரெல்லாம் காகிதம். 'தாயிடம் திரும்புவோம்' என்று எழுதி ஒட்டினார்கள். ஜெர்மனிதான் தாயாம். மாட்ஸும் அவர் சங்கத்துக்காரர்களும், அந்த மீசைக்காரனிடம் போகவேண்டாம், இருக்கிறபடியே இருப்போம் என்றார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம். ஓட்டு எண்ணி முடிந்த மறுநாள் ஊர்ப் பையன்கள் ஒரு சவப்பெட்டி செய்து, அதில் 'இருக்கிறபடியே' என்று எழுதி, பொய்யாக ஒப்பாரி வைத்துக்கொண்டு தெருத்தெருவாகத் தூக்கி வந்து என் வாசலில் இறக்கினார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முன்பக்க வலது கைப்பிடி உன் வீட்டுக்காரர் க்ளோஸ். பெட்டிமேல் போர்த்தியிருந்தது நம் அம்மா ஈஸ்டருக்கு விரிக்கிற மேஜைத்துணி. சிவப்புக் கரை போட்டது நான். என் தையல் எனக்குத் தெரியாதா?

எதிர்வீட்டு ஜன்னலில் நீ. பலகையைச் சாத்தினாய்.

அன்று சாயங்காலம் கைவண்டியில் இரண்டு மெத்தையும் எமிலையும் ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டி அப்பாவின் ஊருக்கு வந்தோம். அப்போது பாலம் இருந்தது. அடுத்த வருஷம் அம்மா செத்தாள். மாட்ஸ் பேர் அவர்கள் பட்டியலில் இருந்ததால் நான் வரமுடியவில்லை. இந்தக் கரையில் நின்று, அந்தக் கரையில் நம்மைப் பெற்றவளைத் தூக்கிப்போவதைப் பார்த்தேன். தாயிடம் திரும்பினார்களாம்.

இப்போது கேள். 'ஆமா' ஜெயித்தால் உன் கரை யாருடையதும் இல்லை, எல்லாருடையதும். நமக்கு நடுவே வேலி வராது. நான் வருகிறேன். 'இல்லை' ஜெயித்தால் ஜெர்மன் சுங்கக்காரன் உன் தோட்டத்தடியில் கம்பம் நடுவான். அவனிடம் கைப்பையைத் திறந்து காட்டி அம்மா வீட்டுக்கு வர என்னால் ஆகாது.

நீ எதில் போடப் போகிறாய்? அதை எழுது. கோழியைப் பற்றி எழுதாதே.

ஒடீலியா


ரூஷ்பாக்
2 செப்டம்பர் 1955

சேசுவுக்குத் தோத்திரம்.

அன்புள்ள அக்காவுக்கு, உன் கடிதம் கிடைத்தது. இடுப்பு இடத்தில் இருப்பது சந்தோஷம். எனக்குக் கொஞ்சம் இருமல். தேனும் முள்ளங்கியும் போட்டுக் குடிக்கிறேன்.

பதில் தாமதம். கோபிக்காதே. உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தோம். இந்த வருஷம் மழையில் பாதி அழுகல். பிளம்ஸ் மட்டும் கொட்டிக் கிடக்கிறது. நீ இருந்தால் நாலு தட்டு கேக் போடலாம். ஒருத்திக்கு அடுப்பு மூட்டினால் அடுப்புக்கே வெட்கமாக இருக்கிறது.

என் பெண் இர்மினா வந்து போனாள். அவளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது தெரியும்தானே, பெண்குழந்தை, மார்கிட். அவள் வாக்கப்பட்ட ஊர் ட்ரியர் பக்கம், ரயிலில் ஒரு காலைப்பொழுதுதான். ஆனால் அது ஜெர்மனி, இது ஸார். எல்லையில் இறக்கிச் சோதிக்கிறார்கள். இந்தத் தடவை சுங்கக்காரன் குழந்தையின் மூட்டையைப் பிரித்து, துணியெல்லாம் மேஜையில் பரப்பி, ஈரத்துணியையும் விடாமல் குச்சியால் புரட்டினானாம். நான் கொடுத்தனுப்பிய காப்பிக்கொட்டையை எடுத்துக்கொண்டான். கைக்குழந்தை கத்துகிறது, பெரியவன் லியோ பயந்து கால்சட்டையை நனைத்துவிட்டான். இர்மினா எழுதியிருக்கிறாள்: "அம்மா, இனிமே வருஷத்துக்கு ஒருதடவை வந்தாப் போதும்னு இருக்கு. இந்தப் புள்ளைங்களை வச்சிக்கிட்டு என்னால முடியாது."

மார்கிட்டுக்கு உன் மூக்கு. பாவம்.

நீ கேட்டது நினைவிருக்கிறது. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. யோகும் வீட்டு ஃபிலோமினா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். அவள் வீட்டுக்காரர், ரயில் கேட்டில் இருக்கிறாரே, அவர் 'ஆமா' கட்சி. வாசல் கதவிலேயே ஒட்டிவைத்திருக்கிறார். தைரியம்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

லோனி


வெல்லரிங்
9 செப்டம்பர் 1955

லோனிக்கு,

முள்ளங்கியில் கல்கண்டு போடு, தேன் போடாதே. அம்மா கல்கண்டுதான் போடுவாள்.

என் மூக்கு யாருக்கும் கெடுதல் செய்ததில்லை.

நான் கேட்டதற்குப் பதில் இல்லை. அழுகின உருளைக்கிழங்கு வந்திருக்கிறது, ஈரத்துணி வந்திருக்கிறது, பதில் வரவில்லை.

நேற்று மாதா பிறந்தநாள். கோயில் மணி உன் கரையில் முதலில் அடித்தது, என் கரையில் பிறகு அடித்தது. சின்ன வயதில் இரண்டு மணிக்கும் நாம் ஓடுவோம், நினைவிருக்கிறதா? உங்கள் திருவிழா முடிந்த அடுத்த ஞாயிறு எங்கள் திருவிழா. அப்பா ஊர்க்காரர்கள் அம்மா ஊருக்குச் சாப்பிட வருவார்கள், மறுவாரம் அம்மா ஊர்க்காரர்கள் அப்பா ஊருக்கு. தோணி நிற்கவே நிற்காது. பாஸ்டியானின் அப்பா சம்பாதித்ததெல்லாம் அந்த இரண்டு ஞாயிறுதான். அப்பா அம்மாவைப் பெண் பார்க்கப் போனது தோணியில், அதுவும் பாதி ஆற்றில் தொப்பியைக் காற்று கொண்டுபோய்விட்டது. வெறுந்தலையோடு போய் நின்றாராம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "தொப்பி வச்சிருந்தா வேண்டாம்னுருப்பேன்டி, கர்வக்காரன்னு நெனச்சிருப்பேன்."

அப்போது இரண்டு கரையும் ஜெர்மன் ராஜா கைசருடையது. கைசர் நல்லவன் என்று நான் சொல்லவில்லை, நம் அண்ணனை வெர்துன் சண்டையில் புதைத்தவன் அவன். ஆனால் ஆற்றில் கோடு இல்லை. பிறகு கோடு வந்தது. பிறகு முப்பத்தொன்பதில் சண்டை வந்ததும் எங்களை மூட்டை கட்டி தெற்கே ஒரு ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே என் பேச்சைக் கேட்டு ஜெர்மன்காரி என்று துப்பினார்கள். திரும்பி வந்தால் மீசைக்காரன் ஆட்கள் இந்தக் கரைக்கும் வந்துவிட்டார்கள், கோட்டை அழித்துவிட்டோம் என்றார்கள். மாட்ஸைத் தேடிவந்து கூட்டிப்போனார்கள். பாதி ஆளாகத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். கோட்டை அழிக்கிறவன் எல்லாம் ஒன்றில்லை, எனக்குத் தெரியும்.

எமில் ஸ்ட்ராஸ்பர்க்கில், எல்லா தேசத்து ஆட்களும் கூடிப் பேசுகிற கட்டடத்தில் அடுப்பு அறையில் வேலை பார்க்கிறான். "அம்மா, உள்ளே நல்லாத்தான் பேசுறாங்க. ஆனா கதகதப்பா இருந்தாத்தான் பேசுறாங்க. குளிர்காலத்துல நான் ஒருநாள் லீவு போட்டா ஐரோப்பா நின்னுபோயிடும்" என்கிறான். சிரிப்புக்குத்தான் சொல்கிறான். ஆனால் அவர்கள் பேசுவது நடந்தால் மாட்ஸ் சொன்னதுதான் நடந்தது என்று ஆகும். இருபது வருஷம் முன்னால் சொன்னதற்குச் சவப்பெட்டி கொடுத்தார்கள்.

எதில் போடுகிறாய்?

ஒடீலியா


ரூஷ்பாக்
4 அக்டோபர் 1955

சேசுவுக்குத் தோத்திரம்.

அன்புள்ள அக்கா, கல்கண்டு போட்டதில் இருமல் விட்டது. ஆட்டுக்குத்தான் இப்போது உடம்பு சரியில்லை. மடி கட்டியிருக்கிறது.

அப்பாவின் தொப்பியை நினைத்து நானும் தனியாகச் சிரித்தேன்.

ஊர் ஊராக இல்லை. கசாப்புக்கடை ஷிர்ரா 'இல்லை' கட்சி. யோகும் வீட்டுக்கு வளைய சாசேஜ் விற்கமாட்டேன் என்றுவிட்டார். ஃபிலோமினா என்னிடம் வந்து வாங்கித்தரச் சொல்கிறாள். நான் இரண்டு வளையம் வாங்கினால் ஷிர்ரா என்னை ஒருமாதிரி பார்க்கிறார், "தனி ஆளுக்கு இவ்வளவு பசியா?" என்று. வயதாக ஆகப் பசி எடுக்கிறது என்றேன். பேக்கரிக்காரரும் அவர் மனைவியும் ஒரே வீட்டில் தனித்தனியாக உலை வைக்கிறார்கள். கோயிலில் ஆமாக்காரர்கள் இடப்பக்கம், இல்லைக்காரர்கள் வலப்பக்கம் என்று தானாகவே ஆகிவிட்டது. நான் பின்வரிசையில் தூண் ஓரமாக உட்கார்கிறேன். என் காலுக்கு அங்கேதான் கணப்பு பக்கம்.

மாடி அறைக்கு வெள்ளை அடித்திருக்கிறேன். உனக்குக் குளிர் ஆகாதே என்று ஜன்னல் இடுக்கெல்லாம் துணி வைத்து அடைத்தேன். கட்டிலை நகர்த்திப் போட்டிருக்கிறேன், ஆற்றைப் பார்க்கலாம்.

நான் ஒன்று யோசிக்கிறேன் அக்கா. எல்லைக் கோட்டை நம் தோட்டத்தடியிலிருந்து எடுத்தால் ட்ரியர் பக்கம் போய் விழுகிறது. அங்கிருந்து எடுத்தால் இங்கே விழுகிறது. ஒரே கம்பம்தான் வைத்திருப்பார்கள் போலிருக்கிறது, மாற்றி மாற்றி நடுகிறார்கள். இரண்டு இடத்திலும் இல்லாமல் செய்கிறோம் என்று அந்தக் காகிதத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. கண்ணாடி போட்டுத் தேடிப் பார்த்தேன்.

உன் இடுப்புக்கு ஆட்டுக்கொழுப்புத் தைலம் பாஸ்டியானிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

லோனி


வெல்லரிங்
12 அக்டோபர் 1955

லோனிக்கு,

தைலம் வந்தது. நாற்றம் தாங்கவில்லை. தடவிக்கொள்கிறேன்.

கம்பத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். ஆக நீ யோசித்து முடித்துவிட்டாய். யோசித்து முடித்ததை எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

ஏழு வயதில் நீ என் ஞாயிற்றுக்கிழமைச் செருப்பை ஆற்றில் விட்டாய். அம்மா கேட்டபோதும் இப்படித்தான், பூனைக்குக் காய்ச்சல் என்றாய். நான் அடி வாங்கினேன். முப்பத்தைந்தில் பலகையைச் சாத்தினாய். நாற்பத்தாறில் ஸார்கெமுண்ட் சந்தையில் பார்த்தபோது, "மேஜைத்துணி யார் குடுத்தது லோனி?" என்று நேராகக் கேட்டேன். வெங்காயம் விலை சொன்னாய்.

இப்போது நான் கேட்பது ஒரே சொல். ஆமா என்றால் ஆமா. இல்லை என்றால் இல்லை. எழுதாவிட்டால் அதையும் நான் படித்துக்கொள்வேன். அறைக்கு வெள்ளை அடித்து என்னை ஏமாற்றாதே.

ஒடீலியா


ரூஷ்பாக்
26 அக்டோபர் 1955

சேசுவுக்குத் தோத்திரம்.

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு ரேடியோவில் தெரிந்திருக்கும். மூன்று பேரில் இரண்டு பேர் 'இல்லை' என்று போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் திருவிழாச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். படுக்கையில் கிடந்த பேக்கரிக்காரரின் அம்மாவை நாற்காலியோடு தூக்கிவந்தார்கள். நானும் கருப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு போய் வந்தேன். திரைக்குப் பின்னால் ஒரு பென்சில் நூலில் கட்டித் தொங்கியது. கூர் மழுங்கியிருந்தது. கொஞ்ச நேரம் நின்றேன். வெளியே இருமினார்கள்.

உடனே ஒன்றும் மாறாதாம். சுங்கம் மாறக் கொஞ்ச வருஷம் ஆகும் என்கிறார்கள். அதுவரை தோணி இருக்கிறபடியேதான்.

இர்மினா தந்தி கொடுத்திருக்கிறாள். கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளோடு வருகிறாளாம். லியோ இப்போது கேட்கிறானாம், "பாட்டி வீட்டுக்குப் போனா அந்த மாமா குச்சி வச்சிருப்பாரா?" என்று. இந்தத் தடவை வைத்திருப்பார், அப்புறம் இருக்காது என்று சொல்லியிருக்கிறாள்.

எனக்கு இடது கால் வீங்கிவிட்டது. திங்கட்கிழமை மத்தியானம் வெளியே குளிரில் கொஞ்சம் அதிக நேரம் உட்கார்ந்துவிட்டேன். வேறொன்றுமில்லை. ஃபிலோமினா வெந்நீர் வைத்துக் கொடுக்கிறாள்.

ஆட்டுக்கு மடி சரியாகிவிட்டது. கட்டில் அப்படியே கிடக்கிறது.

லோனி


ரூஷ்பாக்
3 டிசம்பர் 1955

சேசுவுக்குத் தோத்திரம்.

அன்புள்ள அக்கா,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. புகை மட்டும் வருகிறது. அது போதும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

சகல ஆத்துமாக்கள் திருநாளில் அம்மா கல்லறையில் இரண்டு விளக்கு வைத்தேன். ஒன்று உன் பேரில். காற்று அடித்தும் உன்னுடையது அணையவில்லை, என்னுடையதுதான் அணைந்தது. பக்கத்தில் நின்றவள் சிரித்தாள், "உங்க அக்காவுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி" என்று.

நாளை பார்பரா திருநாள். சுரங்கத்துக்காரர்கள் ஊர்வலம் போவார்கள். நான் செர்ரிக் கிளை வெட்டித் தண்ணீரில் வைக்கப்போகிறேன். நீ வெட்டினால்தான் சரியாக கிறிஸ்துமஸ் அன்று பூக்கும், நான் வெட்டினால் ஜனவரி ஆகிவிடும். க்ளோஸ் அதைச் சொல்லியே கேலி பண்ணுவார்.

அக்கா, திட்டியாவது ஒரு வரி எழுது.

லோனி


வெல்லரிங்
29 ஜனவரி 1956

லோனிக்கு,

திட்டி எழுதுகிறேன்.

மூன்று மாதம் உனக்கு எழுதக்கூடாது என்று இருந்தேன். இன்னும் மூன்று வருஷம் இருந்திருப்பேன், உனக்குத் தெரியும். வியாழக்கிழமை ஸார்கெமுண்ட் சந்தைக்குப் போனேன். முட்டைக்காரி பக்கத்தில் யோகும் வீட்டு ஃபிலோமினா நின்றாள். என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அழுகிறவர்களைப் பிடிக்காது, தப்பிக்கப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"லோனி அக்கா உங்களுக்கு எழுதலையா?" என்றாள்.

"என்னத்தை?" என்றேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏதாவது தப்பு இருந்தால் நீ திருத்து.

ஓட்டு முடிந்த மறுநாள் மத்தியானம் கசாப்புக்கடை ஷிர்ராவின் பெரிய மகனும் ஏழெட்டுப் பேரும் பலகை அடித்துச் சவப்பெட்டி செய்து 'ஐரோப்பா' என்று தாரில் எழுதித் தூக்கி வந்தார்களாம். ஒப்பாரி, தகரடப்பா மேளம், எல்லாம் பழைய மாதிரியே. யோகும் வீட்டுக்கு நேராக வந்தார்களாம். ஃபிலோமினா உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். தோள் மாற்றுவதற்காக உன் வீட்டு முன்னால் பெட்டியை இறக்கியிருக்கிறார்கள். நீ வெளியே வந்தாயாம். துடைப்பம் கூட இல்லை கையில். பெட்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு, அதன்மேல் உட்கார்ந்துவிட்டாயாம்.

"பாட்டி, எந்திரிங்க."

"கால் வலிக்குதுடா. பெட்டி போட்டிருக்கீங்க, உக்காந்தேன்."

"இது யோகும் வீட்டுக்குப் போகணும் பாட்டி."

"போகட்டும். கால் வலி விடட்டும்."

ஷிர்ரா மகன் குனிந்து உன் காதில் மெதுவாகத்தான் கேட்டானாம். ஆனால் தெரு அமைதியாக இருந்ததால் ஃபிலோமினாவுக்கும் கேட்டதாம். "பாட்டி, நீங்க நம்ம ஆளுதானே?"

"நம்ம ஆளுதான்டா" என்றாயாம். "அதனாலதான் உக்காந்திருக்கேன். வேற ஆளா இருந்தா உள்ளே உக்காந்து அழுதிருப்பேன்."

மழை தூறியதாம். ஒருவன் உன்னைத் தூக்கிவிடலாமா என்றானாம். தொட்டுப் பார், உன் அம்மாவுக்கு நான் எப்படிப் பிரசவம் பார்த்தேன் என்று இந்தத் தெருவுக்கே சொல்கிறேன் என்றாயாம். ஒவ்வொருத்தனாகக் கழன்று போனார்களாம். கடைசியில் ஷிர்ரா மகன் மட்டும் நின்றானாம், அவனும் குளிர் தாங்காமல் போய்விட்டானாம். அப்புறமும் நீ எழுந்திருக்கவில்லை, இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாய் என்றாள். அவள் வீட்டுக்காரர் யோகும் வந்து கையைப் பிடித்து எழுப்பினாராம். அதுதான் உன் வீங்கின கால். குளிரில் கொஞ்சம் அதிக நேரம் உட்கார்ந்துவிட்டேன் என்று எனக்கு எழுதுகிறாய்.

சந்தையில் நான் முட்டை வாங்காமலே வந்துவிட்டேன்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படி. நீ எதில் போட்டாய் என்று இனி உன்னைக் கேட்கமாட்டேன். குழந்தைத் துணியைக் குச்சியால் புரட்டினான் என்று எழுதினாயே, அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் தெரியாததுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன். மகளா அக்காவா என்றால் மகள்தான். என் எமில் அந்தப் பக்கம் இருந்திருந்தால் நானும் உன்னைக் கேட்காமல் கம்பத்தைத் தூக்கி உன் பக்கம் நட்டிருப்பேன். இதைப் புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டதால் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அது வேறு, இது வேறு.

சேர்ந்து இருப்பதற்கு எல்லாரும் ஒரே பக்கம் ஓட்டுப் போடவேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. மாட்ஸும் அப்படித்தான் நினைத்தார். அவர் இருந்திருந்தால் அந்தப் பெட்டியைப் பற்றி என்ன சொல்லியிருப்பார் என்று நாலு நாளாக யோசிக்கிறேன். தொப்பியைக் கழற்றியிருப்பார்.

மாடி அறையை யாருக்கும் கொடுத்துவிடவில்லையே?

ஒடீலியா


ரூஷ்பாக்
8 பிப்ரவரி 1956

சேசுவுக்குத் தோத்திரம்.

அன்புள்ள அக்கா,

கொடுக்கவில்லை. யாருக்கும் கொடுக்கவில்லை.

ஃபிலோமினா கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாள். இருட்டும்வரை எல்லாம் இல்லை. கால் மரத்துப்போய் எழுந்திருக்க முடியவில்லை, அதனால்தான் அவ்வளவு நேரம்.

ஆனால் இப்போது வராதே அக்கா. இப்படி ஒரு குளிரை நான் பார்த்ததில்லை. கிணற்றுக் கயிறு கம்பி மாதிரி நிற்கிறது. கோழிகளை அடுப்படியில் விட்டிருக்கிறேன். ஆறு இரண்டு கரைக்கும் உறைந்துவிட்டது, தோணி பனியில் மாட்டிக்கொண்டது. பனி உடைந்ததும் பாஸ்டியானை அனுப்புகிறேன். இந்த இடுப்போடு நீ எதையாவது செய்துவைக்காதே. உன்னை எனக்குத் தெரியும்.

மார்ச்சில் வா. காத்திருக்கிறேன்.

லோனி


வெல்லரிங்
11 பிப்ரவரி 1956, சனிக்கிழமை

லோனிக்கு,

மார்ச்சில் வா என்கிறாய். மார்ச்சில் நான் இருப்பேன் என்று எந்தப் பாதிரியார் உனக்குச் சொன்னார்?

நேற்று பாஸ்டியான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு முன்னால் தட்டித் தட்டி நடந்தார், நான் அவர் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். காலுக்கு மாட்ஸின் கம்பளி சாக்ஸைச் செருப்புக்கு மேலே மாட்டிக்கொண்டேன், வழுக்கவில்லை. நடு ஆறு வரை போனோம். உன் வீடு அங்கிருந்து கொஞ்சம் சாய்ந்து தெரிகிறது, கூரையைப் பார்க்கச் சொல். இந்த இடத்தில்தானே கோடு என்று பாஸ்டியானைக் கேட்டேன். "எனக்கெங்கே தெரியும் ஒடீலியா அம்மா? ஐம்பது வருஷமா இதுமேலதான் போய்வர்றேன், ஒருதடவையும் தோணி இடிச்சதில்லை" என்றார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். மூட்டை கட்டவேண்டும் அல்லவா?

நாளைக் காலைப் பூசை முடிந்ததும் வருகிறேன். மெத்தையைப் பாஸ்டியான் சறுக்குவண்டியில் இழுத்து வருவார். பூனையும் வருகிறது. கோழிகளை அடுப்படியிலிருந்து வெளியேற்று.

சில காரியங்களை இப்போதே சொல்லிவிடுகிறேன். வந்தபிறகு சொன்னால் நீ பேச்சை மாற்றுவாய். செருப்பைப் பற்றியும் மேஜைத்துணியைப் பற்றியும் நான் தினமும் கேட்பேன். நீ வெங்காயம் விலை சொல்லலாம். க்ளோஸ் கல்லறைக்கு விளக்கு வைக்கமாட்டேன். இர்மினா வந்தால் பிள்ளைகளுக்கு என் பாஷையில் கதை சொல்வேன், ஜெர்மன் பிரஜைக்குப் பிரெஞ்சுக்காரி கதை சொல்லக்கூடாது என்று எவனாவது சொன்னால் என்னிடம் அனுப்பு. நாலு வருஷம் கழித்துச் சுங்கக்காரன் வந்து தோட்டத்தடியில் கம்பம் நட்டால், எமிலைப் பார்க்கப் போகும்போது கைப்பையைத் திறந்து காட்டுவேன். காட்டும்போது அவனைத் திட்டுவேன். வீட்டுக்கு வந்து உன்னைத் திட்டுவேன். உனக்கு வயதாகிறது, தாங்குவாயா என்று இப்போதே யோசித்துக்கொள்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. கையிலேயே கொண்டுவருகிறேன். வாசலில் நின்று தருவேன். அங்கேயே படித்துவிட்டு, சம்மதம் என்றால் மட்டும் கதவை விட்டு விலகி நில்.

ஊரில் கேட்டால் அக்கா மன்னித்துவிட்டாள் என்று சொல்லிவைக்காதே. சண்டை போட வந்திருக்கிறாள் என்று சொல். பொய் இல்லை.

ஒடீலியா